நெருப்புக்குள் போகாத தன்னார்வலருக்கு என்ன உண்டு? நியூயார்க் மாநில ஃபயர் கம்பெனிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் நகரத்தைத் தாண்டி வடக்கே குடியேறிய நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. எங்கள் ஊர் ஃபயர் கம்பெனிக்குச் சில வருடங்களாக நான் கணக்கு எழுதுகிறேன். ஏணி ஏறியதில்லை, குழாய் பிடித்ததில்லை. அப்படிப்பட்ட ஆட்களுக்குச் சட்டம் என்ன தருகிறது, எதைத் தருவதில்லை என்பதுதான் விஷயம். நான் வக்கீல் இல்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

தீயணைப்பு அரசாங்கத்தின் வேலை இல்லையா? இதில் தன்னார்வலர் எங்கே வந்தார்?

தமிழ்நாட்டில் 101 அழைத்தால் வருவது அரசுத் துறை வண்டி. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் 2020 கணக்குப்படி சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் தீயணைப்பாளர்களில் 6 லட்சத்து 76 ஆயிரத்துச் சொச்சம் பேர் தன்னார்வலர்கள். மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1736-ல் ஃபிலடெல்ஃபியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கியபோது ஒவ்வொரு உறுப்பினரும் தோல் வாளி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வாளி போய் பேஜர் வந்திருக்கிறது. அவ்வளவுதான். 'கம்பெனி' என்றால் லாபத்துக்கு நடக்கும் தொழில் என்று நினைக்க வேண்டாம், குழு என்று பொருள்.

நெருப்புக்குள் போகாதவர்கள் அங்கே என்னதான் செய்கிறார்கள்?

நிறைய. கணக்கு, கூட்டக் குறிப்பு, மானிய விண்ணப்பம், வண்டி பழுது, குழாய்களை அழுத்திச் சோதிப்பது, பள்ளிக்கூடங்களில் புகை எச்சரிக்கைக் கருவி பற்றிப் பேசுவது, சாலையை மறித்துப் போக்குவரத்தைத் திருப்புவது. நள்ளிரவுத் தீயில் சுவாசக் கருவியைக் கழற்றிவிட்டு வெளியே வருபவருக்குத் தண்ணீரும் சூப்பும் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பதற்கும் ஆள் வேண்டும். ஜனவரியில் அந்தத் தண்ணீர் பாட்டில் உறைந்துபோகாமல் ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவோம். குளிரிலிருந்து காக்க ஐஸ் பெட்டி!

தேசிய அளவில் இப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதற்கென்றே 2004-ல் 'ஃபயர் கோர்' என்ற திட்டம் வந்தது. தேசியத் தன்னார்வத் தீயணைப்புக் கவுன்சில் அதை நடத்தியது. அதில் சேர்ந்ததால் மட்டும் சட்டப்படி உரிமை எதுவும் கிடைத்துவிடாது.

சரி, சட்டத்தின் கண்ணில் நான் யார்?

எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைவிட, உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைத்தான் சட்டம் முதலில் பார்க்கும்.

ஒரே ஃபயர் ஹவுஸில் இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று, கம்பெனி சேர்த்துக்கொண்டு ஊரின் போர்டோ ஃபயர் டிஸ்ட்ரிக்ட் (தீயணைப்புக்கென்றே அமைந்த உள்ளாட்சி) போர்டோ ஒப்புதல் கொடுத்த செயல் உறுப்பினர் பட்டியல். இதை 'ரோஸ்டர்' என்பார்கள். இன்னொன்று ஆக்ஸிலரி, அதாவது துணைச் சங்கம். பழைய பெயர் 'லேடீஸ் ஆக்ஸிலரி', இப்போது ஆண்களும் இருக்கிறார்கள். இது பெரும்பாலும் தனிச் சங்கம். தனித் தலைவர், தனி வங்கிக் கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரே மேசையைத் துடைப்பார்கள். ரோஸ்டரில் இருப்பவர் சட்டப்படி தன்னார்வத் தீயணைப்பாளர். ஆக்ஸிலரியில் இருப்பவர் நல்ல மனம் படைத்த பொதுமக்களில் ஒருவர்.

ரோஸ்டரில் இருக்க வேண்டுமானால் எரியும் கட்டடத்துக்குள் போயே ஆக வேண்டும் என்றில்லை. 'வெளிப்புறப் பணி மட்டும்' என்று வகைப்படுத்தப்பட்ட உறுப்பினர்கள் ஏராளம். முட்டி வலியுள்ள ஐம்பத்தெட்டு வயதுக்காரரும் பம்ப் இயக்கலாம், வண்டி ஓட்டலாம், சாலையில் நிற்கலாம்.

அடிபட்டால் யார் பார்ப்பார்கள்?

1956-ல் நிறைவேறிய 'தன்னார்வத் தீயணைப்பாளர் நலச் சட்டம்' என்று ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குத் தம்பி மாதிரி. பணியில் காயம்பட்டால் மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குத் தொகை, இறந்தால் குடும்பத்துக்கு உதவி எல்லாம் இதில் வரும். தீ அணைப்பது மட்டும்தான் பணி என்று அது சொல்வதில்லை. பயிற்சி, வண்டிப் பராமரிப்பு, கம்பெனிக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சி வரை பட்டியல் நீளும்.

அந்த நிதி திரட்டும் பிரிவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போட்டி விளையாட்டுகளில் அடிபட்டால் இந்தச் சட்டம் பொறுப்பேற்காது என்று சொல்லிவிட்டு, எவை எவை என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள்: பேஸ்பால், பாஸ்கெட்பால், கயிறு இழுத்தல், குத்துச்சண்டை. கூடவே 'கழுதைப் பேஸ்பால்', 'கழுதை பாஸ்கெட்பால்'. கழுதை மேல் உட்கார்ந்து ஆடுவது ஒரு காலத்தில் ஊர்த் திருவிழாக்களில் பெரிய வசூல். கழுதை உதைத்து யாரோ வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சிரிப்பு இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பான்கேக் காலை விருந்தில் எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். எழுபதை நெருங்கும் ஓர் அம்மா, முப்பது வருட ஆக்ஸிலரி உறுப்பினர், சூடான இரும்புத் தட்டை நகர்த்தும்போது உள்ளங்கை வெந்துவிட்டது. பக்கத்தில் முட்டை உடைத்துக்கொண்டிருந்த பையன் ரோஸ்டரில் சேர்ந்து நான்கு மாதம். அதே தட்டில் அவன் கை பட்டிருந்தால் நலச் சட்டம் வந்திருக்கும். அந்த அம்மாவுக்கு அவருடைய சொந்தக் காப்பீடுதான். காப்பீடு தராத முதல் பகுதியை, 'டிடக்டிபிள்' என்பார்களே, அதைக் கையிலிருந்துதான் கட்டினார். அடுத்த மாதம் கம்பெனி ஆக்ஸிலரிக்கும் சேர்த்துக் குழு விபத்துக் காப்பீடு எடுத்தது. தட்டு சூடாவதற்கு முன்னால் எடுத்திருக்கலாம்.

ரோஸ்டரில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: காயம்பட்டால் 90 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், இரண்டு வருடத்துக்குள் கோரிக்கை போட வேண்டும். 'சீஃப்கிட்ட (தீயணைப்புத் தலைவர்) வாயால சொல்லிட்டேன்' என்பது போதாது.

ஃபயர் போலீஸ் என்கிறார்களே, அவர்கள் போலீஸா?

பாதி. விபத்து நடந்த இடத்தில் மஞ்சள் கோட்டுடன், கையில் ஒளிரும் குச்சியுடன் காரைத் திருப்பி அனுப்புகிறாரே, அவர்தான். நியூயார்க்கின் பொது நகராட்சிச் சட்டம் 209-சி பிரிவின்படி இவர்கள் கம்பெனி உறுப்பினர்களிலிருந்து நியமிக்கப்பட்டு உறுதிமொழி எடுத்தவர்கள். பணியில் இருக்கும்போது 'அமைதி அலுவலர்' என்ற அதிகாரம் உண்டு. ஆதரவுப் பணியாளர்களில் சட்டம் பெயர் சொல்லி அங்கீகரித்த கூட்டம் இதுதான் என்று சொல்லலாம். வயதானபின் குழாய் பிடிக்க முடியாமல் இங்கே மாறுபவர்கள் அதிகம். நலச் சட்டமும் இவர்களுக்கு உண்டு.

நான் பார்த்தவரையில் ஆபத்தும் இங்கேதான் கூடுதல். நெருப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டுபவருக்கு எல்லை இல்லை.

காரில் நீல விளக்கு வைத்துக்கொள்ளலாமா?

செயல் உறுப்பினராக இருந்து, சீஃப் எழுத்தில் அனுமதி கொடுத்தால். ஆக்ஸிலரிக்கு இல்லை. நீல விளக்கு இருக்கிறது என்பதற்காகச் சிவப்பு சிக்னலைத் தாண்ட முடியாது. அது வழிவிடக் கேட்கும் விளக்கு, அவ்வளவே. பையன்களுக்கு இதன் மேல் இருக்கும் மோகம் தனிக்கதை.

ஓய்வூதியம் மாதிரி ஏதோ உண்டாமே?

'லோசாப்' என்பார்கள். சேவைக்கால விருதுத் திட்டம். எல்லா ஊரிலும் கிடையாது. அந்தப் பகுதி மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். வருடத்துக்கு 50 புள்ளி எடுத்தால் அந்த வருடம் உங்கள் கணக்கில் ஏறும். ஐந்து வருடம் ஆனால் உரிமை நிலைக்கும். திட்டத்தில் குறித்த வயது வந்ததும் பணம் வரத் தொடங்கும். சேவை வருடம் ஒன்றுக்கு மாதம் 20 டாலர் என்று வைத்த ஒரு திட்டத்தில் இருபது வருடம் உழைத்தவருக்கு மாதம் 400 டாலர். பெரிய பணமில்லை, ஆனால் இந்த ஊர்க் குளிரில் வீட்டுச் சூடாக்கும் எண்ணெய்ச் செலவில் ஒரு பகுதிக்கு ஆகும்.

ஆதரவுப் பணி செய்பவர் கவனிக்க வேண்டியது புள்ளிகளின் பங்கீட்டை. பயிற்சி வகுப்புக்கு அதிகபட்சம் 25. டிரில்லுக்கு 20. அழைப்புகளுக்குப் போவதற்கு 25. தேர்ந்தெடுக்கப்பட்ட அல்லது நியமிக்கப்பட்ட பொறுப்புக்கு 25 வரை, கூட்டங்களுக்கு 20 வரை, இதர வேலைகளுக்கு 15 வரை. கடைசி மூன்றைக் கூட்டிப் பாருங்கள்: 60. அதாவது ரோஸ்டரில் இருக்கும் ஒரு பொருளாளரோ செயலாளரோ, அவர் பொறுப்புக்கு அவருடைய திட்டம் முழுப் புள்ளி வைத்திருந்தால், ஒரு தீயைக்கூடப் பார்க்காமல் 50-ஐத் தாண்ட முடியும். இதைச் சொன்னால் சில இளைஞர்களுக்கு முகம் சுருங்கும். கணக்கு ஒழுங்காக இல்லாத கம்பெனிக்குப் புது வண்டி வாங்க மானியம் வராது என்று நான் பதில் சொல்வது வழக்கம்.

எங்கள் ஃபயர் ஹவுஸில் காபி மெஷினுக்கு மேலே கிளிப் போட்ட பலகையில் கையெழுத்துத் தாள் தொங்கும். கூட்டத்துக்கு வந்து, பேசி, நாற்காலி மடக்கி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட மறந்துபோனால் புள்ளி இல்லை. வருட முடிவில் புள்ளிப் பட்டியலைக் குறைந்தது 30 நாள் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வைக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அந்த முப்பது நாளில் கேளுங்கள். ஆறு வருடம் கழித்து வந்து '2019-ல எனக்கு ரெண்டு புள்ளி குறையுது' என்று நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நிற்பவர்கள் உண்டு.

வரிச் சலுகை?

மாநில வருமான வரியில் 200 டாலர் குறைப்பு இருக்கிறது, ஐடி-245 படிவம். வரி ஆண்டு முழுவதும் செயல் தன்னார்வத் தீயணைப்பாளராகவும் மாநிலவாசியாகவும் இருந்திருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் தகுதியுள்ளவர்கள் என்றால் 400.

சொத்து வரியில் 10 சதவீதம் வரை விலக்குக் கொடுக்க 2022 டிசம்பரில் மாநிலம் முழுவதற்கும் பொதுவாகச் சட்டம் வந்தது. ஆனால் உங்கள் டவுன், கவுன்ட்டி, பள்ளி மாவட்டம் ஒவ்வொன்றும் அதைத் தனித்தனியாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை வருடச் சேவை வேண்டும் என்பதையும் அவர்களே, இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள், வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான டவுன்களில் மார்ச் 1-க்குள் அசெஸரிடம் (சொத்து மதிப்பு போடும் அலுவலர்) மனு கொடுக்க வேண்டும். 200 டாலரையும் இதையும் சேர்த்து வாங்க நினைப்பவர்கள், அந்தந்த வருடப் படிவத்தின் விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

மத்திய வரியில், அரசோ ஊராட்சியோ உங்கள் சேவைக்காகக் கொடுக்கும் தொகையில் மாதம் 50 டாலர் வீதம், வருடத்துக்கு 600 வரை வருமானமாகக் கணக்கிடப்படாது. 2008-ல் மாதம் 30 டாலர் என்று வந்து, மூன்று வருடத்தில் காலாவதியாகி, 2020-க்குத் திரும்பி வந்து, 2021 முதல் நிரந்தரமானது. இந்தச் சட்டம் 'தீயணைப்பாளர்' என்று சொல்லாமல் 'உறுப்பினர்' என்றே சொல்கிறது. கணக்கெழுதுபவருக்கும் இடம் உண்டு.

ரோஸ்டரில் இல்லாதவருக்கும் ஒன்று கிடைக்கும்: கம்பெனி வேலைக்காகச் சொந்தக் காரில் போனால் மைலுக்கு 14 சென்ட் நன்கொடைக் கழிவாகக் காட்டலாம், செலவுகளை விவரமாகக் காட்டி வரி கட்டுபவராக இருந்தால். இந்த 14 சென்ட் 1998-லிருந்து மாறவில்லை. பெட்ரோல் விலை மாறவில்லை என்று யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் நேரத்துக்கு விலைபோட்டுக் கழிக்க முடியாது.

பணியில் இறந்தால் மத்திய அரசு பெரிய தொகை கொடுக்கிறதாமே, ஆதரவு உறுப்பினருக்கும் உண்டா?

1976-ல் வந்த பொதுப் பாதுகாப்பு அலுவலர் நலச் சட்டம் அது. தொடக்கத்தில் 50,000 டாலர். 2001-ல் இரண்டரை லட்சமாக்கி, அதன்பின் விலைவாசியோடு உயர்ந்துகொண்டே வருகிறது. 2024 அக்டோபர் 1-க்குப் பிந்தைய இறப்புகளுக்கு 4,48,575 டாலர் என்று இருந்தது. சட்டப்படி அமைந்த தன்னார்வத் தீயணைப்புத் துறையின் 'அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட அல்லது நியமிக்கப்பட்ட உறுப்பினர்' இதற்குள் வருவார். மறுபடியும் அதே பட்டியல் விஷயம். அதோடு முடியவில்லை. தீயணைப்பில் பயிற்சியும், தீயணைக்கும் சட்டப் பொறுப்பும் இருக்கிறதா என்று விதிமுறைகள் கேட்கின்றன. குறிப்பேடு மட்டும் எழுதுபவருக்கு இது கடினமான வாசல்.

ஆதரவுப் பணியாளருக்காக இந்தச் சட்டத்தின் கதவு ஒருமுறை திறந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் இறந்தவர்களில் நியூயார்க் தீயணைப்புத் துறையின் சாப்ளின் (துறைக்கான மதகுரு), ஃபாதர் மைக்கேல் ஜட்ஜும் ஒருவர். குழாய் பிடிப்பது அவர் வேலையில்லை, ஜெபிப்பதும் ஆறுதல் சொல்வதும்தான். அடுத்த ஆண்டு ஜூனில் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. சாப்ளின்கள் சேர்க்கப்பட்டார்கள், அந்த செப்டம்பர் நாளிலிருந்தே செல்லும் என்றும் சொன்னார்கள். கதவு திறக்க என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

மாரடைப்புக்கு 2003-ல் தனித் திருத்தம் வந்தது. வழக்கத்துக்கு மாறான கடும் பணியின்போதோ, அது முடிந்து 24 மணி நேரத்துக்குள்ளோ மாரடைப்பு, பக்கவாதம் வந்து இறந்தால் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் எழுத்து வேலை, நிர்வாக வேலை, உடலுழைப்பில்லாத வேலை 'கடும் பணி' ஆகாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பட்ஜெட் கூட்டம் முடிந்து எனக்கு ஏறும் ரத்த அழுத்தம் இந்தக் கணக்கில் வராது.

புற்றுநோய்க்கான உதவி?

நியூயார்க்கில் 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது. குறைந்தது ஐந்து வருடம் கட்டடத்துக்குள் போய்த் தீயணைத்தவர்களுக்கு மட்டும். ஆதரவுப் பணியாளர்களுக்கு இல்லை. எனக்கு இதில் வருத்தமில்லை. புகையைச் சுவாசித்தது அவர்கள்.

பணம் தவிர வேறு அங்கீகாரம்?

ஐந்து வருடம் செயல் உறுப்பினராக இருந்தால் 'எக்ஸெம்ப்ட்' சான்றிதழ் வாங்கலாம். அந்தக் காலத்தில் ஜூரிக் கடமையிலிருந்தும் படைச் சேவையிலிருந்தும் விலக்குத் தந்ததால் அந்தப் பெயர். இன்று சுவரில் மாட்டுகிறார்கள், ஆனால் வெறும் அலங்காரம் இல்லை. மாநிலத்தில் அரசு வேலையில் இருக்கும் எக்ஸெம்ப்ட் தீயணைப்பாளரை விசாரணை இல்லாமல் நீக்க முடியாதபடி சிவில் சர்வீஸ் சட்டத்தின் 75-ஆம் பிரிவு காக்கிறது.

என் மேல் யாராவது வழக்குப் போட்டால்?

1997-ன் மத்தியத் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் ஆக்ஸிலரிக்காரரையும் ஓரளவு காக்கும். சங்கத்தின் வேலையாகச் செய்ததில் வேண்டுமென்றோ மிகுந்த அலட்சியத்தாலோ கெடுதல் வராதிருந்தால். வண்டி ஓட்டும்போது நடந்ததற்கு இது பொருந்தாது.

எச்-1பி விசாவில் இருப்பவர் சேரலாமா?

ஊதியமில்லாத தொண்டு பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் புள்ளிக்குப் பணம், பயிற்சிக்கு ஊக்கத்தொகை, லோசாப் என்று எது கைக்கு வந்தாலும் அதற்கு முன் குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். கம்பெனி ஆட்களுக்கு இது தெரியாது, தெரிந்த மாதிரி சொல்வார்கள். புது உறுப்பினர் யாராக இருந்தாலும், தீவைப்புக் குற்றத்தில் தண்டனை பெற்றவரா என்று ஷெரிஃப் அலுவலகம் வழியாகச் சரிபார்ப்பார்கள். அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லா மாநிலத்திலும் இப்படித்தானா?

இல்லை. பக்கத்திலிருக்கும் பென்சில்வேனியாவின் 2016-ஆம் ஆண்டு 172-ஆம் எண் சட்டம், உள்ளாட்சிகள் வரிச்சலுகைக்குத் தகுதி பார்க்கும்போது நிதி திரட்டல், கணக்கெழுதுதல், கட்டடப் பராமரிப்பு ஆகியவற்றுக்குச் செலவிட்ட நேரத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. வேலையைப் பார்த்து அளக்கும் முறை. நியூயார்க் இன்னும் பட்டியலைப் பார்த்து அளக்கிறது. பென்சில்வேனியாவின் வழிதான் சரி என்பது என் கட்சி.

நான் ஆக்ஸிலரியில் இருக்கிறேன். ரோஸ்டருக்கு மாறட்டுமா?

நிதி நிகழ்ச்சிகளுக்கு மட்டும் வருபவர் என்றால் அவசியமில்லை. கம்பெனி எடுத்திருக்கும் காப்பீட்டில் ஆக்ஸிலரி என்ற சொல் இருக்கிறதா என்று பாலிசியை வாங்கிப் பாருங்கள், போதும். தீ நடக்கும் இடத்துக்கே போகிறீர்கள், சாலையில் நிற்கிறீர்கள் என்றால் மாறுங்கள். போர்டு ஒப்புதல் கொடுத்த தேதியுள்ள கூட்டக் குறிப்பின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை தீர்மானம் போட்டும் போர்டுக்கே அனுப்பாமல் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு விண்ணப்பத்தை நானே கண்டெடுத்திருக்கிறேன். அந்த மனிதர் ஒன்றரை வருடமாகத் தன்னை உறுப்பினர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சமைத்துக் கொடுக்க மட்டும் வரலாமா?

தாராளமாக. போன குளிர்காலத்தில் ஒரு களஞ்சியத் தீ, இரவு இரண்டு மணி. வீட்டில் இருந்த ரசத்தைப் பெரிய ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுபோனேன். காகிதக் கோப்பையில் வாங்கி ஒரு வாய் குடித்த சீஃப், இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கோப்பை கேட்டார். இப்போது பெரிய தீ என்றால் வண்டிகளுக்கு அழைப்பு அனுப்பி முடித்த கையோடு என் போனுக்கும் ஒரு செய்தி வருகிறது: அந்த மிளகு சூப் இருக்கிறதா?